வயிறு தள்ளும் கல் சுவர்: கொங்குப் பகுதிப் பண்ணை வீடுகள்

ஈரோடு, கரூர், கோவைப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் செப்பனிடக் கூப்பிட்டால், பெரும்பாலும் சுவர் வயிறு தள்ளியிருக்கும். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று அங்கே தோண்டிப் போட்டிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் சுவருக்குள்தான்.

சுவரின் கனம் ஒன்றரை முதல் இரண்டடி. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை கருங்கல். நடுவில் சக்கையும் (சில்லுக் கற்கள்) செம்மண் சேறும். இரு வரிசைகளையும் சேர்த்துப் பிடிப்பது முழுக் கனத்துக்கும் நீளும் குறுக்குக் கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஓதமும், இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் ஓடு உடைந்து இறங்கும் மழைநீரும் அந்தப் பூச்சு வழியாகவே காய்ந்துவிடும். 1930களில் மதுக்கரையில் சிமென்ட் ஆலை வரும் முன்பு, சுக்காங்கல்லைச் சுட்ட சுண்ணாம்புதான் இங்கே புழங்கியது. சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். செம்மண் இளகி இறங்க, மேலே பொந்து விழும். அடியில் தேங்கிய மண் வெளிக்கல்லைத் தள்ளும். தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று கேட்கும் இடத்தில்தான் பொந்து.

முதலில் கூரை ஒழுகலை நிறுத்தி, உத்திரத்துக்குச் சவுக்கு முட்டு கொடுக்க வேண்டும். சிமென்ட்டை உளியால்தான் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் அதிர்வில் நல்ல சுவரும் கலகலத்துப்போகும். கல்லுக்கெல்லாம் எண் போட்டு, ஒரு தடவைக்கு மூன்றடி அகலம் மட்டும் மேலிருந்து பிரிக்கிறோம். திரும்பக் கட்டும்போது நாளுக்கு இரண்டடி உயரம் போதும். குறுக்குக் கல் மூன்றடிக்கு ஒன்று, அடுத்த வரிசையில் இடம் மாற்றி. நடுவே சக்கையைக் கூடையோடு கொட்டும் சித்தாளைத் தடுத்தே ஆக வேண்டும்; ஒவ்வொன்றாகக் கையால் செருகிச் சேறு நிரப்பாவிட்டால் மறுபடி பொந்துதான்.

பூச்சுக்குத் தாளித்த, அதாவது தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பின்னால் பூத்து, பூச்சு கொப்புளம் கொப்புளமாக உதிரும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, அரை அங்குலத்துக்கு மேல் கனம் கூடாது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் நல்லவைதான், ஆனால் ஊறாத சுண்ணாம்பை எந்த வெல்லமும் காப்பாற்றாது. பூசிய சுவரில் பத்து நாளாவது ஈரச் சாக்கு தொங்க வேண்டும்.

ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு வெளித்தரை உயர்ந்திருந்தால், வீட்டின் உள்தரை மட்டத்துக்குக் கீழே அரையடி வரை மண்ணை வெட்டி, தண்ணீர் சுவரை விட்டு ஓடும்படி வாட்டம் கொடுத்துவிட்டுத்தான் பூச்சில் கை வைக்கிறோம்.