தாத்தா காலத்துச் சாப்பாடு எல்லாமே நல்லதா?

பாதி உண்மைதான். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளை, நியாசின் என்ற வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. அதே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தவர்கள் தப்பித்தார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் பிணைந்தே கிடக்கும், சுண்ணாம்புதான் அதை விடுவிக்கும். அது தெரிந்து செய்ததல்ல, பழக்கம்! உப்பில் ஊறிய பண்டங்களும் பழையவைதான், அதற்காக நல்லவை ஆகிவிடாது.

இன்றைய சிக்கல் வேறு. 2019-இல் அமெரிக்காவில் 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு ஒரு வகை, அதிகம் பதப்படுத்தாதது இன்னொரு வகை. முன்னால் வைத்த இரண்டு வகைச் சாப்பாட்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய சமம். ஆனாலும் மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரமும் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஏறியது. மென்மையாக இருப்பதால் வேகமாக இறங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். வயிறு நிறைந்த சேதி மூளைக்குத் தாமதமாகத்தான் போகும்.

பாக்கெட் வாங்கினால் சோடியத்தைப் பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கான வரம்பே 5 கிராம்தான். சிலர் 'ஒரு பரிமாறலுக்கு' என்று சின்ன எண் போடுவார்கள். பரிமாறல் எத்தனை கிராம் என்பதையும் படியுங்கள், பலர் ஏமாறுவது அங்கேதான்.