இகுவானா முட்டையும் ஆனிக் காற்றும்

வெளிநாட்டு வளர்ப்பு விலங்குகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து நான் வளர்க்கும் இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லி, சித்திரை முதல் வாரத்தில் மண்தொட்டியைத் தோண்டி 27 முட்டை இட்டது. முட்டை பொரிய வேண்டிய சூடு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். பாளையங்கோட்டை வெயிலில் ஹீட்டரே வேண்டாம், சூடு கூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாடிப்படிக்குக் கீழே தெர்மோகோல் பெட்டி, மத்தியானம் உள்ளே ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில். சரி, அது முடிந்தது. படுத்தி எடுத்தது ஈரப்பதம்தான்.

கோழி முட்டை மாதிரி இதற்குக் கெட்டி ஓடு கிடையாது, தோல்தான். சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி நாளாக ஆகப் பருக்கும். புரட்டவும் கூடாது, உச்சியில் பென்சில் புள்ளி வைத்து, அப்படியே பாதி புதைத்தேன். புதைக்க, ஈரம் தாங்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட் 800 கிராம், தண்ணீரும் 800 கிராம். அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் வடியக்கூடாது.

ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏல, வேக வைக்கியா, அடை வைக்கியா?" என்றாள்.

முதல் மாதத்தில் கருப்பிடிக்காத இரண்டு மஞ்சளாகிச் சுருங்கின, அவ்வளவுதான். வைகாசிக் கடைசியில் காற்று பிடித்தது. சாரல் எல்லாம் குற்றாலத்துக்கு. நமக்கு வெறும் காற்றும் புழுதியும். ஈரப்பத மீட்டர் 85இலிருந்து 68க்கு இறங்கியது. பதறிப்போய் முட்டை மேலேயே ஸ்ப்ரே அடித்தேன். மூடியில் கோத்த நீரும் சேர்ந்து சொட்ட, நாலு முட்டையில் பச்சைப் பூஞ்சை. அதே பெட்டியில் காற்றுத் துளைப் பக்கம் இருந்தவை குழி விழுந்து கிடந்தன.

"காத்தடிச்சா பானையில தண்ணி சீக்கிரம் குறையும்லா. பானையப் பாக்காம மீட்டரப் பாக்கியே" என்றாள் ஆச்சி.

அப்புறம்தான் முட்டையும் வெர்மிகுலைட்டும் இருந்த உள்பெட்டியைச் சமையல் தராசில் வைத்து, எடையை மூடியில் எழுதினேன். ஒரே வாரத்தில் 60 கிராம் குறைந்திருந்தது. அந்த 60 கிராமை வெதுவெதுப்பான தண்ணீராக ஓரத்தில் மட்டும் ஊற்றினேன். பாதித் துளைகளுக்கு டேப். நீர் ஓரமாக வழிய, மூடி சாய்கிற மாதிரி அடியில் ஒரு குச்சி. நாலு நாளில் குழிகள் நிரம்பிவிட்டன.

கடைசி வாரம் மறுபடி குழி. பொரிக்கும் முன் அப்படித்தான் தொய்யும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். 78ஆம் நாள் தோலைக் கிழித்து ஒரு பச்சை மூக்கு. மிச்ச மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்து முடியும்வரை குட்டி ஒரு நாள் அப்படியே கிடந்தது, நான் வெளியே இழுக்கவில்லை.

மொத்தம் 19 குட்டி. இனி ஒவ்வொன்றையும் பதிவு செய்யணும். ஆச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக்கும் கீரை யாருல வாங்கிப் போடுவா?" என்கிறாள்.