மஞ்சளும் பச்சையும்

சிறிய கண்ணாடிக் கோப்பை. அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு மஞ்சள் ஷார்த்ரூஸ் என்ற மூலிகை மது.

பிரான்சின் வுவாரோன் ஊரில் நிலவறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் கையில் கொடுத்தார்கள்.

முதலில் தேன். பிறகு சோம்பைப் போல ஏதோ ஒன்று. விழுங்கிய பின்தான் தொண்டையோரம் மெல்லிய கசப்பு எட்டிப் பார்த்தது.

அடுத்தது பச்சை. 55 சதவீத ஆல்கஹால், நாக்கைச் சுட்டது. சூடு தணிந்ததும் மழை நனைத்த புதருக்குள் முகம் புதைத்ததுபோல் ஒரு வாசம். கஷாயம் என்றாலே ஓடி ஒளிந்த ஆள் நான்!

130 செடிகொடிகள். அந்தப் பச்சையும் அவற்றின் நிறம்தான், சாயமில்லை. 1605-இல் கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் கைக்கு வந்த ஓர் ஓலைக்கட்டு, மன்னிக்கவும், கையெழுத்துப் பிரதிதான் மூலம். முழுச் செய்முறை அறிந்தவர்கள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில துறவிகளே.

உலகெங்கும் கேட்கிறார்கள். துறவிகளோ உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். பிரார்த்தனைக்கும் தனிமைக்கும் நேரம் வேண்டுமாம். கிடைக்காமல் எரிச்சல்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன்.

தேன் போய்விட்டிருந்தது. புதர் அப்படியே இருந்தது.