45 காணிக் காட்டில் விடலை மான்கள்

"அங்க பகல் முழுக்க என்னதான்டி பண்ணுவ?" என்றாள் அம்மா. கடலூர் திருப்பாப்புலியூர் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் போனில் கேட்கிற கேள்விதான். போனில் என்றால் "வேலை இருக்கும்மா" என்று சமாளித்துவிடலாம். எதிரில் உட்கார்ந்துகொண்டு முடியாது.

"மான் பாப்பேன்" என்றேன்.

2017 மார்ச்சில், கல்யாணமான மூன்றாம் வாரம், பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊருக்குப் போய் இறங்கினேன். டிபெண்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நின்றால் ஓ.டி.க்கு (முதுநகருக்கு) ஏதாவது ஒரு பஸ் வந்துவிடும்; அங்கே பஸ் என்றால் பள்ளிக்கூட பஸ் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் சோயா வயல், அதைத் தாண்டி ஓக் மரக்காடு. சமையலறை ஜன்னல்தான் எனக்கு டிவி.

அந்த ஜன்னலில் முதலில் வந்தது ஒரு பெண்மான். வெள்ளைவால் மான் என்று அந்த ஊரில் சொல்வார்கள், மிரண்டால் வாலைத் தூக்கி வெள்ளைக் கொடி காட்டிக்கொண்டு ஓடும். நான் ஆசையாகப் போட்ட அவரைக்கொடியை ஒரே ராத்திரியில் மொட்டையடித்தது அதுதான். அப்புறம் ஆடி, ஆவணியில் இளசான ஆண்மான்கள் நாலைந்து சேர்ந்து சோயா மேய வந்தன. கொம்பின் மேல் வெல்வெட் மாதிரித் தோல் போர்த்தியிருக்கும். விடலைப் பசங்க டீக்கடை வாசலில் நிற்பதைப்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நான் பெயர்கூட வைத்துவிட்டேன். ஐப்பசி பிறந்தது, ஒன்றையும் காணோம். வேறு ஏதோ புதுமூஞ்சிகள் காட்டோரத்தில் திரிந்தன.

எனக்கு வருத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ கோபம். அந்தக் காடு அவருடையது, 60 ஏக்கர். நம் கணக்கில் 45 காணி. பன்னிரண்டு வயசிலிருந்து வேட்டையாடுகிறவர். மரத்துக்கு மரம் கேமரா கட்டி, எந்த மான் எப்போது போகிறது என்று நோட்டுப் போட்டு எழுதிவைப்பார். சின்னக் கொம்பு மானைச் சுடாமல் விட்டு, ரெண்டு வருஷம் வளர்ந்ததும் சுடலாம் என்று காத்திருப்பவர். 2002-லிருந்து அந்த மாநிலத்தில் சட்டமும் அதையே சொல்கிறது: பெரும்பாலான இடங்களில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 முனையாவது இருந்தால்தான் சுடலாம். அவர் பொத்திப்பொத்தி விட்டுவைத்த மான்கள் எல்லாம் போய்விட்டன. பக்கத்து நிலத்துக்காரன் தீனி போட்டு இழுத்துவிட்டான் என்று ஒரு வருஷம் முழுக்கத் திட்டினார். வரப்பைத் தள்ளிப்போட்டுவிட்டான் என்று பண்ருட்டிப் பக்கம் பங்காளிகள் அடித்துக்கொள்வார்களே, அதே தொனி.

அப்புறம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே மான் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் பேசினாராம். பென்சில்வேனியாவிலேயே நூற்றுக்கணக்கான இளம் ஆண்மான்களுக்கு ரேடியோ கருவி மாட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒரு வயசு தாண்டிய ஆண்களில் பாதிக்கு மேல், சில இடங்களில் முக்கால்வாசி, பிறந்த காட்டை விட்டே போய்விடும். திரும்பி வராது. சராசரியாக எட்டு கிலோமீட்டர் போகும், முப்பதைத் தாண்டினவையும் உண்டு. காடு குறைவாக, வயல் அதிகமாக இருந்தால் இன்னும் தூரம் போகும். பெரிய ரோடோ ஆறோ குறுக்கே வந்தால் பல அங்கேயே நின்று குடியேறிவிடும். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று: பெரும்பாலானவை இந்த மொத்தப் பயணத்தையும் ஒன்றிரண்டு நாளிலேயே முடித்துவிடுகின்றன. விசா இல்லை, வழியனுப்பு இல்லை.

"ஏன் போவுது?" என்றாள் அம்மா. பொறுக்குவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

ரெண்டு சமயம் இருக்கிறது. வைகாசி, ஆனியில் தாய்மான் அடுத்த குட்டி போடும். அப்போது போன வருஷக் குட்டிகளைக் கிட்டவே சேர்க்காது, முட்டி விரட்டும். சில ஆண்கள் அப்போதே கிளம்பிவிடும். மிச்சமுள்ளவை புரட்டாசி, ஐப்பசியில் கிளம்பும். அது இணைசேரும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய ஆண்களோடு உரசல் ஆரம்பிக்கிற நேரம். தாயோடும் அக்கா தங்கையோடும் இணைசேராமலிருக்க இயற்கை பண்ணின ஏற்பாடு என்கிறார்கள்.

ஆனால் நான் ஜன்னலில் பார்த்துக் காணாமல்போனவை எல்லாமே ஊரைவிட்டுப் போனவை இல்லை. கொஞ்சம் வயசான ஆண்கள் வெறுமனே இடம் மாறியிருக்கலாம். ஆவணிக் கடைசியில் வெல்வெட் உரிந்ததும் அந்த டீக்கடைக் கூட்டம் கலைந்துவிடும். சோயா இலை பழுத்ததும் வயலில் தின்ன ஒன்றுமில்லை, காட்டுக்குள் ஓக் கொட்டை உதிர்கிறது, அங்கே போய்விடும். கார்த்திகை நெருங்கினால் பெண்மானைத் தேடி நாளெல்லாம் அலையும். ஒரு நாள், ஒன்றரை நாள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டு வீட்டுக்கே திரும்புவதும் உண்டு. வளர்ந்த ஆண்மான் ஒன்று புழங்குகிற பரப்பே சுமார் 480 காணி. பெரியவருடைய 45 காணியில் அது குடியிருக்கவில்லை, கடந்து போகிறது.

அன்றைக்குப் பெரியவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. நான் விட்டதை எவனோ சுடுவான், எவனோ விட்டதை நான் சுடுவேன் என்றார். அடுத்த மாசமே பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்கு ஆப்பிள் பை என்கிற பலகாரத்தோடு போனார். சின்னதுகளை ரெண்டு பேருமே விட்டுவிடுவோம் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். அந்தப் பலகாரத்துக்கு அந்த ஊரில் நம் தாம்பூலத் தட்டு மதிப்பு.

என் முதல் வேட்டைக் காலத்தைச் சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நவம்பர் கடைசித் திங்கள், பள்ளிக்கூடம் லீவு. விடிகாலையில் படபடவென்று சத்தம். தூக்கக் கலக்கத்தில் தீபாவளி என்றே நினைத்துவிட்டேன். (2019-லிருந்து அந்த முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இன்னும் அதற்காகப் புலம்புகிறார்கள்.) நம் ஊரில் ஐயப்ப சாமிகள் கறுப்பு உடுத்துகிற அதே கார்த்திகையில், அங்கே கடை, பெட்ரோல் பங்க், எங்கே பார்த்தாலும் பளீர் ஆரஞ்சு உடுப்பு, மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே என்று. குப்பை போட வெளியே போவதற்குக்கூட ஒரு ஆரஞ்சுத் தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார் பெரியவர். கூடவே ஒரு பொட்டலம் மான்கறி. கார்த்திகையில் கவுச்சி கிடையாது, அடுத்தது மார்கழி. ஃப்ரீசரில் போட்டு, காணும் பொங்கலன்று மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். கொழுப்பே கிடையாது, ரொம்ப நேரம் வேகவேண்டும்.

"இங்க யார்கிட்டயும் சொல்லிடாத, போலீஸ் வந்துடும்" என்றாள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் மானைத் தொட்டால் ஜெயில் என்று தெரியும். அங்கே லைசென்ஸ் வாங்கித்தான் சுடுகிறார்கள் என்று நான் சொன்னது அவளிடம் எடுபடவில்லை.

"சரி, பொட்டைக்குட்டிங்க எங்க போவும்?"

"பெரும்பாலும் எங்கயும் போவாது. தாயோட புதுக்குட்டி வளர்ற வரைக்கும் ஒதுங்கியிருந்துட்டு, தாய்க்குப் பக்கத்துலயே தனக்கு ஒரு இடம் பிடிச்சிக்கும். அதுக்குப் பொறக்கற பொண்ணு அதுக்குப் பக்கத்துல. பையனுங்கதான் கிளம்பணும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மானுக்கு இருக்கற புத்தி நம்மளுக்கு இல்ல பாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு தெரு தள்ளி அண்ணன் இருக்கிறான், பிறந்ததிலிருந்து கெடிலத்தைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. விரட்டாமலே நான் பதின்மூவாயிரம் கிலோமீட்டர் போய்விட்டேன். தாய் சுடப்பட்டுப்போன ஆண்குட்டிகள் ஊரைவிட்டுப் போவது குறைவு என்றும் அந்தக் கூட்டத்தில் சொன்னார்களாம். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை ஐந்து அன்று ஆற்றுத் திருவிழாவுக்குப் போனோம். சுத்துப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, மணலில் நடக்க இடமில்லை. அம்மா கிழங்கு பேரம் பேசிக்கொண்டே திரும்பி, "அந்தப் பொட்டை மான் இன்னும் வருதா?" என்றாள்.

"அவரைய மொட்டையடிச்சதே, அதுவா? வருதும்மா. போன ஆவணியில ரெண்டு குட்டியோட வந்துச்சு."

"பொண்ணா, பையனா?"

"ஒண்ணு ஒண்ணு."

கிழங்குக்காரியிடம் இன்னும் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னாள்.