சித்தப்பா குடும்பத்த

அண்ணன் மகன் சென்னையில் விஸ்காம் படிக்கிறான். வடிவமைப்பு, நிரல், புகைப்படம், வீடியோ என்று நான்கு செயல்திட்டங்களை ஒரே செமஸ்டரில் கொடுத்து, நான்கும் ஒரே கருப்பொருளில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் கடற்கரை, மெட்ரோ ரயில், தெரு நாய்கள் என்று கிளம்ப, இவன் தன் தாத்தாவின் சதாபிஷேகத்தை எடுத்துக்கொண்டான். தெரு நாய்களையே எடுத்திருக்கலாம். அவை படம் எடுத்த பிறகு கருத்துச் சொல்வதில்லை.

சதாபிஷேகம் என்றால் ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது என்று நாம் வாயால் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவோம். பையன் கணக்குப் போட்டான். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரியாக 29.53 நாள்; ஆயிரத்தால் பெருக்கினால் 80 வருடமும் ஏறக்குறைய 10 மாதமும் வருகிறது. தாத்தாவின் பிறந்த தேதியைக் கொடுத்ததும் ஆயிரம் நிலாக்களை வரிசையாக வரைந்து தள்ளும் நிரல் ஒன்றை எழுதினான். கேசி ரீஸ், பென் ஃப்ரை என்ற இருவர் ஓவியம் தெரிந்தவர்களும் நிரல் எழுதட்டும் என்று 2001இல் தொடங்கிய ‘பிராசசிங்’ என்ற நிரல்மொழியில் எழுதியதாம். அதுதான் அழைப்பிதழின் முகப்பு. கரு நீல வானம், ஆயிரம் நிலா, கீழே ஓரமாகத் தாத்தா பெயர். வேறொன்றும் இல்லை.

பெரியண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு நம் பெயரெல்லாம் எங்கே?” என்றார். உள்ளே இருக்கிறது என்றான் பையன். “முகப்பில் இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது?” என்று அவர் கேட்டதற்கு, அந்தச் சும்மா இடத்துக்குத்தான் மதிப்பெண் என்று பதில் வந்தது. அண்ணன் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இடத்துக்கு மதிப்பெண் போட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

அச்சாகி வந்தபோது இன்னொரு கூத்து. திரை நிறம் சிவப்பு, பச்சை, நீல ஒளியில் உண்டாவது. அச்சகத்து நிறம் வேறு நான்கு மைகளில் உண்டாவது. திரையில் பளிச்சென்று தெரியும் நீலம் தாளில் இறங்கும்போது ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். வானம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. என் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்து, “மாத்திரை அட்டை மாதிரி அழகாக இருக்கிறதடா” என்றாள். அதன் பிறகு எனக்கும் அது வேறெதுவாகவும் தெரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். உண்மையான விவகாரம் திருக்கடையூரில் நடந்தது.

அறுபதுக்கும் எண்பதுக்கும் ஊர் ஊராகக் குடும்பங்கள் வந்து இறங்கும் தலம் அது. லாட்ஜில் மொத்தமாக அறைகள் எடுத்திருந்தோம். எந்த அறை யாருக்கு என்று கதவில் ஒட்டவும், புடவை வேட்டிப் பைகளில் ஒட்டவும் ஸ்டிக்கர் வேண்டும். பையன் உற்சாகமாகிவிட்டான். பாதிப் பேரின் பெயர் அவனுக்குத் தெரியாது என்பதால் முறையை வைத்தே பட்டியல் போட்டு, பைத்தானில் நிரல் எழுதி, அச்சடித்து, முதல் நாள் இரவே கதவுகளில் ஒட்டியும் முடித்துவிட்டான்.

காலையில் என் மனைவி கதவைத் திறந்து வெளியே போனவள் அப்படியே திரும்பி வந்தாள். “வந்து பாருங்கள்” என்றாள். கதவில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘சித்தப்பா குடும்பத்த’.

பக்கத்து அறை, ‘பெரியப்பா குடும்பத்த’. எதிர் அறையில் அண்ணியின் தம்பி. அங்கே ‘மாமா குடும்பத்தினர்’ என்று ஒரு குறையும் இல்லாமல் முழுதாக இருந்தது. அடுத்து என் அக்கா அறையில் ‘அத்தை குடும்பத்தினர்’, அதுவும் முழுசு. அண்ணியின் தங்கை அறையில் ‘சித்தி குடும்பத்தினர’. கடைசிப் புள்ளி மட்டும் காணவில்லை. தாத்தா எங்கள் அப்பா. விழா எங்கள் வீட்டு விழா. வெட்டுப்பட்டது அவருடைய மகன்கள், முழுதாக நிற்பது சம்பந்தி வீடு. பெரியண்ணி காபி தம்ளரோடு நடைகூடத்தில் ஒவ்வொரு கதவாக வாசித்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது காபி ஆறியிருந்தது, அவர் ஆறவில்லை.

பையனைப் பிடித்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஸ்டிக்கர் அகலத்துக்கு இருபது எழுத்து. அதற்கு மேல் போனால் வெட்டிவிடு என்று நிரலில் ஒரு வரி. ‘சித்தப்பா குடும்பத்தினர்’ நம் கணக்கில் பதின்மூன்று எழுத்துதான். ஆனால் கணினி எழுத்துகளை வைத்துக்கொள்ளும் யூனிகோட் முறையில் ‘சி’ என்பது சகரம் ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு. ‘ர்’ என்றால் ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘தமிழ்’ என்று எழுதிப் பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. அந்தக் கணக்கில் இடைவெளியையும் சேர்த்துச் சித்தப்பா குடும்பம் 24, பெரியப்பா குடும்பமும் 24, சித்தி 21, மாமா 19. அத்தை மட்டும் மிகச் சரியாக 20.

“அச்சடிக்கும் முன் சோதித்துப் பார்க்கக் கூடாதா?” என்றேன்.

“பார்த்தேனே சித்தப்பா. அத்தையை வைத்துத்தான் பார்த்தேன். அழகாக வந்தது.”

இந்த விளக்கத்தைப் பெரியண்ணியிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். “புள்ளியைக்கூடத் தனியாக எண்ணும் இயந்திரத்துக்கு, யார் எந்த வீடு என்று மட்டும் தெரிந்திருக்கிறதே” என்றார். அதற்குப் பைத்தானிடமும் பதில் இருக்காது.

ஹோமமும் கலசாபிஷேகமும் நல்லபடியாக முடிந்தன. அடுத்தது குடும்பப் படம். நண்பனிடம் இரவல் வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் துளையை எஃப் 1.8 வரை அகலத் திறந்தால் பின்னணி வெண்ணெயாகக் கரையும் என்று விஸ்காம் பிள்ளைகளுக்குள் ஒரு மோகம். துளையைச் சுருக்கி எஃப் 8இல் வைத்திருந்தால் எல்லா வரிசையும் தெளிவாக விழுந்திருக்கும். இவன் 1.8இல் வைத்துத் தாத்தாவின் கண்ணில் குவித்துவிட்டான். அவருடைய புருவத்தில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. இரண்டாவது வரிசை கொஞ்சம் மங்கல். மூன்றாவது வரிசையில் நிறுத்தியிருந்த மாப்பிள்ளைகளில் யார் யார் என்பதைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் பழைய கதையெல்லாம் சேர்த்து, “பரவாயில்லை, எங்களை எப்போதும் வைக்கிற இடம்தானே” என்றார்.

வீடியோ உண்மையில் நன்றாக வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கலச நீர் ஊற்றும் கட்டத்தை நொடிக்கு 100 சட்டகமாக எடுத்து 25இல் ஓடவிட்டிருக்கிறான். நான்கு மடங்கு நிதானமாக நீர் இறங்குகிறது. அம்மா குளிரில் தோளைக் குறுக்குவதும், அப்பா அவளைத் திரும்பிப் பார்ப்பதும் துளித் துளியாகத் தெரிகின்றன. அம்மா மட்டும், “அன்றைக்கு ஒரு நிமிடம்தான் நடுங்கினேன், இவன் நான்கு நிமிடம் நடுங்க வைக்கிறான்” என்கிறாள்.

ஆனால் அது இன்னும் வெளிவரவில்லை. கடைசியில் நன்றி என்று எல்லாக் குடும்பங்களின் பெயரும் ஓட வேண்டும் அல்லவா? எந்த வரிசையில் ஓடுவது என்பதில் சிக்கல். வயது வரிசை என்றார் பெரியண்ணன். தைரியமாக அகர வரிசை என்று பையன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். அத்தை, சித்தப்பா, சித்தி, பெரியப்பா, மாமா. அக்கா உடனே கைகூப்பும் படம் போட்டாள். இரண்டாம் இடத்தில் இருந்த நானும், தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் எழுத்து முறையை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று எழுதினேன். அண்ணியின் தம்பி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரே வரி அனுப்பினார்.

“தம்பி, பெயர்கள் கீழிருந்து மேலேதானே ஓடும்? மேலிருந்து கீழே ஓடவிட்டால் யார் முதலில் வருவார்கள்?”