முனியப்பன் சிலையில் முதலில் உடைவது அரிவாள் கை

முனி நள்ளிரவில் தன் தடத்தில் நடக்கும், சுருட்டு வாசனை வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அந்தத் தடத்தில் வீடு கட்டவே கூடாது என்பார்கள். அந்தப் பயத்தின் உருவம்தான் சேலத்துப் பக்கம் ஊர் எல்லைகளில் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கும் முனியப்பன். (பெரியேரி தலைவெட்டி முனியப்பன் வேறு கதை. அந்தக் கற்சிலை புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.)

கம்பிக்கட்டின் மேல் சுண்ணாம்போ சிமென்ட்டோ பூசிச் செய்யும் சுதைச் சிலையில் பயமுறுத்துவதெல்லாம் உடம்பைவிட்டு வெளியே நீள்பவை: ஓங்கிய கை, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. சிக்கலும் அங்கேதான். கைக்கம்பி தோளோடு நிற்கக் கூடாது. மார்புக் கட்டுக்குள் புகுந்து மறுதோள்வரை போக வேண்டும். ஆளுயரச் சிலையின் கைக்கு 10 மி.மீ. கம்பி இரண்டு, மேலே கோழிவலை இரண்டு சுற்று. வலை தொளதொளவென்று இருந்தால் பூச்சு பிடிக்காது, தட்டினால் வெற்றொலி கேட்கும்.

கலவை, சிமென்ட் ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 20 முதல் 22 லிட்டர். இழுக்க வாகாக இருக்கிறதென்று தண்ணீரைக் கூட்டினால் காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். ஒரே பூச்சில் 12 மி.மீ. தாண்டினால் கன்னம் தன் கனத்திலேயே தொங்கிவிடும். கம்பியை 20 மி.மீ. கனத்துக்குப் பூச்சு மூடியிருக்க வேண்டும். மீசை நுனியில் அந்தக் கனம் கிடைக்காது. மெலிதாக இழுத்துவிட்டால் மழைநீர் இறங்கி, துருப்பிடித்த கம்பி பருத்துப் பூச்சைத் தள்ளிவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் கம்பிதான் சரி. அரிவாளையும் தகட்டில் செய்து போல்ட் போட்டு மாட்டினால் கைக்குக் கனம் குறையும்.

மடியில் தண்ணீர் தேங்கும், இதைப் பலர் மறக்கிறார்கள். முழங்கால் பக்கம் லேசாகச் சரிவு கொடுங்கள். சேலத்து வெயிலுக்கு ஈரச்சாக்கு 10 நாளாவது இருக்கட்டும்.

திருவிழா நெருங்குகிறதென்று இன்னும் முற்றாத பூச்சிலேயே எனாமல் அடிப்பதுதான் பெரிய கேடு. சிமென்ட்டின் காரம் பெயின்ட்டிலுள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பிசுபிசுத்து உரியும். 28 நாள் விட்டு பிரைமர், பிறகு வெளிச்சுவர் எமல்ஷன். எனாமல் கண்ணுக்கும் நாக்குக்கும் போதும். கருவிழியைச் சற்றுக் கீழே எழுதுங்கள். நடுவில் எழுதினால் உயரப் பீடத்திலிருக்கும் சாமி கும்பிடுபவர் தலைக்கு மேல் பார்க்கும்.

பழைய சிலையைச் செப்பனிடுவதானால் முதலில் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுதையாக இருந்தால் சுண்ணாம்பாலேயே ஒட்டுங்கள். சிமென்ட் ஒட்டு போட்டால் உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒட்டோடு அடியும் பெயர்ந்து வந்துவிடும்.