கால்பாவின் முகத்துக்கு முன்னால் ஓர் எழுத்து

போன மாதம் வாங்கிய நாணயத்தை நேற்றுத்தான் சரியாகப் படித்தேன். ரோமானியர் காலத்து எகிப்தில், அலெக்சாண்டிரியாவில் அடித்த டெட்ராடிராக்ம், அதாவது நான்கு திராக்மா (திராக்மா என்பது கிரேக்க நாணய அலகு). ஒரு பக்கம் பேரரசர் கால்பாவின் தலை: வளைந்த மூக்கு, சுருக்கம் விழுந்த கழுத்து. மறுபக்கம் எலூதேரியா என்ற விடுதலைத் தேவதை, கையில் மலர்வளையத்தோடு ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறாள். விற்றவர் கொடுத்த சீட்டில் கால்பா ஆட்சியின் 'முதலாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது.

முகத்துக்கு முன்னால் இரண்டு குறிகள் உண்டு. முதலாவது ஆங்கில 'எல்' மாதிரி இருக்கும். 'ஆண்டு' என்று பொருள். அடுத்து வரும் கிரேக்க எழுத்துதான் எண். ஆல்ஃபா என்றால் 1, பீட்டா என்றால் 2. என் நாணயத்தில் அந்த இடம் மண் அடைத்துக் கிடந்தது. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பல்குச்சி முனையால் பொறுமையாக எடுத்தேன். ஒரு வளைவு தெரிந்தது. அப்புறம் அதன் கீழே இன்னொன்று. பீட்டா!

ஏழு மாதம் ஆட்சி செய்த கால்பாவுக்கு ஏது இரண்டாம் ஆண்டு? அவருக்கு முந்தைய பேரரசர் நீரோ இறந்தது கி.பி. 68 ஜூனில், கால்பா கொல்லப்பட்டது 69 ஜனவரி 15 அன்று. ஆனால் எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்ட் 29-இல், தோத் மாதம் முதல் நாளில் பிறக்கும். ஆட்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகாவிட்டாலும், அந்த நாளைத் தாண்டினால் இரண்டாம் ஆண்டுக் கணக்கு தொடங்கிவிடும். அப்படியானால் இந்த நாணயம் 68 ஆகஸ்ட் இறுதிக்கும், கால்பா இறந்த செய்தி கடல் தாண்டி வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட சில மாதங்களில் அடிக்கப்பட்டது. ரோமில் அடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளில் ஆண்டை இவ்வளவு நேராகச் சொல்லும் எழுத்து கிடையாது. அதனால்தான் மாகாண நாணயங்கள்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

வெள்ளி என்று சொன்னாலும் இதில் செம்புதான் அதிகம். எகிப்துக்குள் இந்த உள்ளூர்க் காசுதான் செல்லும் என்பதால், ஒரு தெனாரியஸுக்கு ஈடாக இதை ஓடவிட முடிந்தது.

அடுத்து, கால்பாவுக்குப் பின் பேரரசரான ஓத்தோவின் நாணயத்தைத் தேடுகிறேன். அவர் ஆண்டது மூன்றே மாதம். நடுவில் ஆகஸ்ட் வரவில்லை. அதில் ஆல்ஃபா மட்டும்தான் இருக்கும்.